கண்ணுக்குத் தெரியாத வலி

(உலக நோயாளர் நாளையொட்டி வானொலியில் வழங்கிய மறைச்சிந்தனை)



பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1992ஆம் ஆண்டு இந்நாளை உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். இந்நாளில் நாம் யாருக்காகச் செபிக்கிறோம்? படுக்கையில் கிடப்பவர்களுக்காக, சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக. அவர்கள் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நோயோடு ஒருவர் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு பங்கில் ஒரு தாய். திருப்பலியில் தூபம் காட்டும்போது எழுந்து வெளியே போய்விடுவார். ஒலிபெருக்கியின் பக்கம் உட்கார மாட்டார். சில ஞாயிறுகளில் வரவே மாட்டார். பக்தி குறைந்துவிட்டது என்று ஊரார் பேசினார்கள். குருக்களாகிய நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஒருநாள் வீடு சந்திக்கப் போனோம். நண்பகல். சன்னல்களை எல்லாம் அடைத்து, இருட்டறையில், வாந்திக்கு ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஒற்றைத் தலைவலி. மாதத்தில் பாதி நாள் அப்படித்தானாம். மெல்லிய குரலில் ஒன்று கேட்டார்: "சாமி, பூசைக்கு வராத ஞாயிறுகளைக் கணக்கு வைக்க முடியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் எத்தனை என்று சொல்வது?"

அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. தலைவலியோடு குற்ற உணர்வையும் அவர் சுமந்திருக்கிறார். அதை ஏற்றிவைத்தவர்கள் நாம்தான்.

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணைப் பார்க்கிறோம். 12 ஆண்டுகள் நோய். பல மருத்துவர்கள். கைப்பொருள் எல்லாம் கரைந்தது, நோயோ கூடியது. இந்தத் தாயின் கதையும் அதுவே. முதலில் கண் மருத்துவர், ஒரு கண்ணாடி. அடுத்து சைனஸ் என்று ஆவி பிடித்தல். பிறகு ஸ்கேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்ததும், வலியே இல்லை என்று வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள். கடைசியில் மருந்துக்கடை மாத்திரை. வாரம் ஒன்று என்றிருந்தது தினம் ஒன்று ஆயிற்று.

இங்கே நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. தலைவலி உள்ளவர்கள் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மாதக்கணக்கில் விழுங்கி வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கக்கூடும். பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும். வந்த வலியை நிறுத்தும் மருந்து வேறு, வராமல் தடுக்கும் மருந்து வேறு. தடுக்கும் மருந்து கேட்கிறதா என்று அறிய இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஒன்று கேட்காவிட்டால் மருத்துவர் இன்னொன்றைத் தருவார். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ப்ரோப்ரனலால் இதற்கும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. 2018 முதல் இந்நோய்க்கென்றே உருவான ஊசி மருந்துகளும் வந்துள்ளன. வலி வந்த நாள், நேரம், உணவு, தூக்கம், மாதவிலக்கு, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் இடி விழுந்ததுபோல் திடீரென்று கடும் வலி வந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவரைத் தேடுவது விசுவாசக் குறைவு அல்ல. மருந்தையும் மருத்துவரையும் படைத்தவர் கடவுளே என்று சீராக் நூல் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. செபிக்கச் சொல்லும் அதே அதிகாரம் மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. குணமாகாததும் விசுவாசக் குறைவு அல்ல. தம் உடலில் தைத்த முள் நீங்கும்படி பவுல் மூன்று முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அருள் கிடைத்தது. அந்த முள் தலைவலிதான் என்று திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே சிலர் கருதியிருக்கிறார்கள்.

மீண்டும் அந்தப் பெண்ணிடம் வருவோம். ஆடையைத் தொட்ட உடனே அவர் குணமாகிவிட்டார். இயேசு அப்படியே நடந்து போயிருக்கலாம். யாயிரின் மகள் சாகக் கிடக்கிறாள், கூட்டம் நெருக்குகிறது. ஆனாலும் அவர் நின்றார். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே உண்மை முழுவதையும் சொல்லும்வரை கேட்டார். மகளே என்று அழைத்தார். குணமாக்கும் வல்லமை நமக்கு இல்லாமலிருக்கலாம். நின்று கேட்பதற்கும், சொல்வதை நம்புவதற்கும் வல்லமை தேவையில்லை.

ஆகவே அந்தத் தாயிடம் சொன்னதை இப்போது எல்லாருக்கும் சொல்கிறோம். நோயினால் ஞாயிறு திருப்பலிக்கு வர இயலாமற்போவது பாவம் அல்ல. அதற்குக் கணக்கு வேண்டாம். நோன்பும் நோயாளரைக் கட்டுப்படுத்தாது. பட்டினியே வலியைக் கிளப்பும் என்றால் தவக்காலத்தில் வேளைக்கு உண்ணுங்கள், அன்புச் செயல் ஒன்றை ஒப்புக்கொடுங்கள்.

அந்தத் தாய் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தார். தினசரி மாத்திரையை நிறுத்திய முதல் வாரங்கள் கொடுமையாக இருந்தன. இப்போது மாதத்தில் நான்கைந்து நாள் வலி. முழுக் குணம் இல்லை. தூபத்தின்போது இன்றும் வெளியே போகிறார். ஆனால் வாசலோர இருக்கை ஒன்றை அவருக்காக யாரோ பிடித்துவைக்கிறார்கள். திரும்பி வரும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஆண்டவரே, எங்கள் நடுவில் மறைந்திருக்கும் வலியைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.