முதலில் யாருடைய பெட்டியைத் திறக்கிறார்கள்?

(வாசிப்பு வட்டங்களின் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அம்பேத்கரையும் பெரியாரையும் படிக்கக் கூடுகிற இடத்தில் துப்பறியும் நாவலுக்கு என்ன வேலை? அழைப்பிதழைப் பார்த்துவிட்டுப் பலர் இப்படிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அயோத்திதாசரின் எழுத்துகளையே நம்மில் பலர் இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை. அப்படியிருக்கையில், பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய புத்தகங்களின் வகையறாவுக்கு ஒரு சனிக்கிழமை மாலையை ஏன் கொடுக்க வேண்டும்?

எங்கள் வட்டத்தின் பதில் இது: மர்ம நாவல் என்பது சந்தேகத்தின் இலக்கியம். ஒரு சமூகம் யாரை உடனே சந்தேகிக்கும், யாரைச் சந்தேகிக்க நினைக்கவே நினைக்காது என்பது அதில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. சாதியும் சந்தேகத்தைப் பிறப்பிலேயே பங்கிட்டு வைத்திருக்கும் ஏற்பாடுதானே. ஒரு தெருவில் பிறந்தவருக்கு மரியாதை, இன்னொரு தெருவில் பிறந்தவருக்குச் சந்தேகம்.

நாங்கள் படிக்கும் முறை எளிமையானது. நாவலின் பாதியில் நிறுத்திவிடுவோம். இதுவரை யார்மேல் சந்தேகம், ஏன் என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதுவோம். யார் சரியாகக் கண்டுபிடித்தார் என்ற போட்டி கிடையாது. அந்த ‘ஏன்’ என்பதைப் பற்றித்தான் பேச்சு. ‘அவன் பார்வையே சரியில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்தப் பார்வையை அப்படி வர்ணித்தது யார், எழுத்தாளர் யாருடைய கண்ணால் நம்மைப் பார்க்க வைக்கிறார் என்று கேட்போம்.

வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ நாவலை இப்படித்தான் படித்தோம். ஆங்கிலத்தில் படிக்கச் சிரமப்பட்டவர்களுக்கு ஒரு தோழர் அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் கதை சொன்னார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஓர் ஆங்கிலேய அதிகாரி கொலை செய்து எடுத்துக்கொண்டுபோன வைரம், பிற்பாடு இங்கிலாந்தில் ஒரு பெரிய வீட்டுக்கு வந்து சேர்கிறது. ரேச்சல் என்ற இளம்பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த அன்றிரவே காணாமல் போகிறது. ‘ரெண்டாவது திருட்டுக்குத்தான் போலீஸ் வருது, முதல் திருட்டுக்கு எஃப்.ஐ.ஆரே இல்ல’ என்றார் சட்டக் கல்லூரித் தோழர் ஒருவர்.

போலீஸ் வந்ததும் என்ன நடக்கிறது? வேலைக்காரர்களின் பெட்டிகள் சோதனையிடப்படுகின்றன. வித்தை காட்டுபவர்கள்போல அந்தப் பக்கம் வந்த மூன்று இந்தியர்கள் சிறையில் வைக்கப்படுகிறார்கள். ரோசன்னா என்ற பணிப்பெண்மீது சந்தேகம் படிகிறது. அவள் முன்பு திருடியவள், சீர்திருத்த விடுதியிலிருந்து வந்தவள், ஒரு தோள் கோணலானவள். அவள் புதைமணலில் இறங்கி உயிரை விடுகிறாள். வைரத்தை அவள் எடுக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு பழைய கதை என்பதால் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வைரத்தைக் கொண்டுபோய் அடகு வைத்தவர், தர்ம காரியங்களிலும் மேடைப் பேச்சிலும் பெயரெடுத்த ஒரு கனவான்.

அந்த மூன்று இந்தியர்களும் பார்ப்பனர்கள் என்கிறது நாவல். சொந்த ஊரில் யாரும் விரல் நீட்டத் துணியாதவர்கள் அங்கே தோலின் நிறத்தாலேயே சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆகிறார்கள். சந்தேகம் ஒருவரது குணத்திலிருந்து முளைப்பதில்லை, அவரை நிறுத்தியிருக்கும் இடத்திலிருந்து முளைக்கிறது என்பதற்கு இதைவிட எளிய பாடம் கிடையாது.

எங்களை அதிக நேரம் பேசவைத்தது இன்னொரு காட்சி. பிறகு வரும் சார்ஜென்ட் கஃப் என்ற துப்பறிவாளர் வேறொரு வழி சொல்கிறார். கதவில் ஈரமாக இருந்த பெயிண்ட் யாருடைய துணியிலோ பட்டிருக்கிறது. ஆகவே எசமானி தொடங்கி வீட்டிலுள்ள எல்லோருடைய துணிகளையும் பார்த்துவிடலாம், அப்போது வேலைக்காரர்களுக்கு அவமானம் இருக்காது என்கிறார். எசமானி சம்மதிக்கிறார். மகள் ரேச்சல் மறுத்துவிடுகிறாள். அதோடு சோதனை நின்றுபோகிறது. ‘எங்கம்மா வேலை செய்யுற வீட்ல ஒரு மோதிரம் காணோம்னா, எங்கம்மா பையத்தான் கொட்டிப் பாப்பாங்க. மத்தவங்க பீரோவ யாரு தெறந்தா?’ என்று ஒரு தோழி கேட்டார். அதன்பிறகு எந்தக் கதையைப் படித்தாலும் எங்கள் முதல் கேள்வி அதுதான்: முதலில் யாருடைய பெட்டியைத் திறக்கிறார்கள்? யாருடையது கடைசிவரை திறக்கப்படுவதே இல்லை?

1928இல் எஸ்.எஸ். வான் டைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் துப்பறியும் கதைகளுக்கு இருபது விதிகளை எழுதினார். பதினோராவது விதி, வேலைக்காரரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்கிறது. கேட்டதும் முற்போக்காகத் தோன்றும். காரணத்தைப் படித்தால் கசக்கும். வேலைக்காரர் என்பது மிக எளிதான விடையாம். குற்றவாளி கொஞ்சம் தகுதியுள்ள ஆளாக, சாதாரணமாக யாரும் சந்தேகிக்காத ஆளாக இருக்க வேண்டுமாம். ‘திருடனா இருக்கக்கூட நமக்குத் தகுதி வேணுமாம்’ என்று ஒருவர் சிரித்தார். ஆனாலும் அந்த விதியில் ஓர் உண்மை இருக்கிறது என்று வாதாடியவர்களும் உண்டு. தகுதியுள்ளவர்களும் கொலை செய்வார்கள் என்பதையாவது அது ஒப்புக்கொள்கிறது.

கதை எழுதுபவர் ஒப்புக்கொண்ட அதை நம் நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டனவா? இந்த இடத்தில் நாங்கள் நாவலை மூடிவைத்துவிட்டு கீழ்வெண்மணியை எடுத்தோம். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை நினைவில் வையுங்கள். இவர்கள் ஏராளமான நிலம் வைத்திருக்கும் செல்வந்தர்கள், முதல் எதிரியிடம் காரும் இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களின் துணை இல்லாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

மூன்றாந்தர மர்மக் கதை எழுதுபவர்கூட இந்த வாதத்தை ஏற்க மாட்டார். கார் வைத்திருப்பது குற்றமின்மைக்குச் சாட்சி ஆகுமா?

மர்ம நாவலின் எல்லையையும் இங்கேதான் சொல்ல வேண்டும். யார் செய்தது என்பதே அந்த நாவலின் கேள்வி. சாதிப் படுகொலைகளில் யார் செய்தது என்பது பெரும்பாலும் ஊருக்கே தெரியும். தெரிந்த ஒன்று காவல் நிலையத்திலும், சாட்சிக் கூண்டிலும், தீர்ப்பிலும் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியாத ஒன்றாக மாற்றப்படுகிறது என்பதே அங்கே நாம் துப்பறிய வேண்டியது. நாவலில் குற்றவாளி ஒருவர், அவர் பிடிபட்டதும் வீடு பழையபடி அமைதியாகிவிடும். நமக்கோ அந்தப் பழைய அமைதிதான் பிரச்சினை.

துப்பறியும் கதைகளின் செல்லப்பிள்ளையான கைரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் அது குற்றம் நடந்த பிறகு தேடப்படும் தடயம். குற்றப் பழங்குடிகள் சட்டத்தில் அது குற்றத்துக்கு முன்பே எடுக்கப்பட்டது. 1871இல் வந்த அந்தச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டது. எந்தக் குற்றமும் செய்யாதவர்கூட, குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்தார் என்பதற்காக ரேகை வைக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள். சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தில், பெரிய வீட்டில் பாம்பு பிடிக்கப் போன இருளர்மீதுதானே நகைத் திருட்டுப் பழி விழுகிறது?

இந்த வகை எழுத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டவர்களும் உண்டு. சிறையில் இருந்தபோது எழுதத் தொடங்கிய கறுப்பின எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸ், 1957 முதல் ஹார்லெம் பகுதியைக் களமாக்கி, இரண்டு கறுப்பினக் காவலர்களை வைத்து நாவல்கள் எழுதினார். வால்டர் மோஸ்லி 1990இல் வெளியிட்ட ‘டெவில் இன் எ ப்ளூ டிரஸ்’ நாவலின் ஈசி ராலின்ஸ், 1948இன் லாஸ் ஏஞ்சல்சில் விமானத் தொழிற்சாலை வேலையை இழந்தவர். வீட்டுக் கடன் தவணை கட்ட வேண்டும் என்பதற்காகவே ஒரு பெண்ணைத் தேடிக் கொடுக்கும் வேலையை ஏற்கிறார். வழியில் போலீஸ் அவரையே பிடித்துக்கொண்டுபோய் அடிக்கிறது. உண்மையைத் தேடுபவரே சந்தேகத்துக்கு உரியவராகவும் இருக்கிறார். ஷெர்லாக் ஹோம்ஸுக்கு எல்லாக் கதவுகளும் திறக்கும். ராலின்ஸ் ஒவ்வொரு கதவையும் யோசித்துத்தான் தட்ட வேண்டும்.

நம் சேரியிலிருந்து அப்படி ஒரு துப்பறிவாளர் கிளம்பினால் எப்படி இருக்கும்? டீக்கடையில் எந்த டம்ளரில் டீ கொடுக்கிறார்கள் என்பதே அவருக்கு ஒரு தடயம். காவல் நிலையத்தில் உட்காரச் சொல்கிறார்களா, நிற்க வைக்கிறார்களா என்பது இன்னொன்று. எங்கள் வட்டத்தில் இருவர் அப்படி ஒரு கதையை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

உங்கள் வட்டங்களிலும் இதைச் செய்து பாருங்கள். ஒரு மாதம் ஒரு மர்ம நாவல், அடுத்த மாதம் ஒரு தீர்ப்பு. இரண்டையும் பாதியில் நிறுத்துங்கள், துண்டுச் சீட்டைக் கொடுங்கள். தீர்ப்பைப் படிக்கும்போது நீதிபதி யாரை நம்புகிறார், யார் சொன்னதை மிகை என்கிறார், எந்தக் காரணத்தைச் சொல்லி என்று குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் படிக்காதவர்களாலும் இதைச் செய்ய முடியும். சந்தேகப்படும் வேலையை இத்தனை காலம் அவர்கள் மட்டுமே செய்துவந்தார்கள். நாமும் முறையாகக் கற்றுக்கொள்வோம்.

ஜெய் பீம்.