வழியில் தங்கிய தைமசு
(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நெஞ்சறைக் கட்டிகள் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். அவற்றுள் மிக அரிதான ஒன்றையே தெரிந்தெடுத்திருக்கிறேன். அரிதாக இருப்பதாலேயே அது வேறொரு நோயாக எண்ணப்படுகிறது.

மார்பெலும்புக்குப் பின்னால் இருப்பது தைமசுச் சுரப்பி. பிள்ளைப் பருவத்தில் பெரிதாக இருந்து, பூப்பெய்திய பின் மெல்லச் சுருங்கிக் கொழுப்பாக மாறும். நெடுங்காலம் இதன் பயன் தெரியவில்லை. பிறந்தவுடன் தைமசு அகற்றப்பட்ட எலிகள் நோயை எதிர்க்க இயலாது நலிவதை 1961 இல் இலண்டனில் ஜாக் மில்லர் காட்டினார். நோயை எதிர்க்கும் ரீ கலங்களுக்கு அதுவே பள்ளிக்கூடம். சொந்த உடலைத் தாக்கக்கூடிய கலங்களிற் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன.

கருவில் தைமசு தோன்றுவது கழுத்துப் பகுதியில். அங்கிருந்து நெஞ்சுக்கு இறங்கும்போது சிறு துணுக்குகள் வழியில் தங்கிவிடலாம். பெரும்பாலும் அவற்றால் தொல்லையில்லை. மிகச் சிலரில் மட்டும், பல ஆண்டுகளின் பின் அத்துணுக்கிலிருந்து தைமோமா என்னும் கட்டி வளர்வதாகக் கருதப்படுகிறது. கழுத்து, சுவாசப்பை, அதைச் சுற்றிய சவ்வு, இருதய உறை, முள்ளந்தண்டின் அருகு ஆகிய இடங்களில் இக்கட்டி கண்டறியப்பட்டுள்ளது.

கழுத்தில் இருந்தால் தைரொயிட் கட்டி போலவும், சுவாசப்பையில் இருந்தால் அங்குள்ள புற்றுநோய் போலவும் தோன்றும். ஊசியால் எடுத்த சிறு துண்டில் நிணநீர்க் கலங்கள் மிகுந்திருந்தால் லிம்போமா போலிருக்கும். பெயர் மாறினால் வைத்தியமும் மாறிவிடும். லிம்போமாவுக்குப் பெரும்பாலும் மருந்து; தைமோமாவுக்கு, இயலுமாயின், சத்திரசிகிச்சையால் முழுமையாக அகற்றுவதே முதல் வழி. ஆகவே நோயியல் ஆய்வுகூடத்தில் விசேட நிறமூட்டல் செய்து, மேலணிக் கலங்களோடு முதிராத ரீ கலங்களும் கலந்துள்ளனவா என்று பார்க்கிறோம்.

தைமோமா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சியும் உண்டு. 1936 இல் அமெரிக்காவில் அல்பிரட் பிளலொக், இந்நோயுற்ற ஓர் இளம் பெண்ணின் தைமசுக் கட்டியை அகற்றினார், அவள் தேறினாள். காலையில் நன்றாக இருப்பவருக்கு மாலையில் இமை சரியும், பார்ப்பது இரண்டாகத் தெரியும், சாப்பாட்டை மெல்லத் தாடை களைக்கும், தலைவாரக் கை எழாது.

சகோதரிகளே, நாம் இவற்றை வீட்டு வேலைக் களைப்பு என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்காதீர்கள். நீங்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும், பழைய எக்ஸ்றே, ஸ்கான் படங்களையும் ஆய்வுகூட அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருங்கள். நெஞ்சிலோ கழுத்திலோ கட்டி என்று சொல்லப்பட்டால், “இது எந்த இழையத்திலிருந்து வந்தது?” என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேள்வி கேட்கத் தயங்காதிருக்கவே இக்கல்லூரி எம்மைப் பழக்கியது.