சாமான் நோட்டு வேற, கடன் நோட்டு வேற!

(கல்பாக்கம் பகுதி மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)

 

மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நாம் வாராவாரம் சந்தா கட்டுகிறோம். ஆனால் சந்தாவாகச் சேர்க்கும் பணத்தைவிட அதிகமாக மளிகைக் கடையில் நமக்குத் தெரியாமலே விட்டுவிட்டு வருகிறோமே, அதை யோசித்தோமா? "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்று பெரியவங்க சும்மாவா சொன்னாங்க!

முதலில் ஒரு கணக்கு போடுவோம். விலை ஊருக்கு ஊர் மாறும், மாசத்துக்கு மாசம் மாறும். இது கணக்கு புரிவதற்காக மட்டும். 100 கிராம் பருப்பு பாக்கெட் 18 ரூபாய் என்றால் கிலோ 180 ரூபாய் ஆகிறது. அதையே ஒரு கிலோவாக வாங்கினால் 150. பன்னிரண்டு வீடு சேர்ந்து மொத்தக் கடையில் 24 கிலோ வாங்கினால் கிலோ 135. மாசம் இரண்டு கிலோ செலவாகும் வீட்டுக்கு 90 ரூபாய் வித்தியாசம்! கூலி வேலைக்குப் போகிறவர்கள் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதால்தான் அதிக விலை கொடுக்கிறோம். கையில் மொத்தமாகப் பணம் இல்லாததுதான் காரணம். நம்மிடம் புத்தி இல்லாததால் அல்ல.

இதை யோசித்துத்தான் எங்கள் குழுவில் சேர்ந்து வாங்க ஆரம்பித்தோம். ஆனால் முதல் தடவை தோற்றுப் போனோம். அதை மறைக்காமல் சொல்லத்தான் இங்கே வந்தோம்.

குழுச் சேமிப்பிலிருந்து 9,000 ரூபாய் எடுத்து பன்னிரண்டு வீட்டுக்கும் சாமான் வாங்கினோம். ஏழு பேர் உடனே பணம் கொடுத்தார்கள். மற்றவர்கள், "அக்கா, அடுத்த வாரம் தர்றேன்", "அண்ணி, அவர் கடலுக்குப் போயிட்டு வரட்டும்" என்றார்கள். யாரும் ஏமாற்றவில்லை. மழைக்காலம், கையில் பணம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் 3,700 ரூபாய் வசூலாக நாலு மாசம் ஆனது. அதற்குள் பேங்க் தவணை தள்ளிப் போனது. கூட்டத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்தோம். பருப்பு விலையில் மிச்சம் பிடிக்கப் போய் குழுவையே இழக்கப் பார்த்தோம்.

அப்போதுதான் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொண்டோம். இங்கிலாந்தில் ராச்டேல் என்று ஓர் ஊர். அங்கே 1844-ல் 28 தொழிலாளிகள் சேர்ந்து சின்னக் கடை போட்டார்கள். அவர்களில் பலர் நெசவாளிகள். மாவு, வெண்ணெய், சர்க்கரை என்று சில சாமான்கள்தான். அவர்கள் கடைப்பிடித்த முக்கியமான சட்டங்கள்: கலப்படம் கூடாது, எடை குறையக் கூடாது, கடன் கூடாது. வந்த லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுக்குப் பங்கு போட்டார்கள். உலகம் முழுக்க நுகர்வோர் கூட்டுறவுக்கு அதுவே வழிகாட்டி. சென்னையில் திருவல்லிக்கேணி கூட்டுறவு சங்கம் 1904-ல் தொடங்கியதும் இந்த வழியில்தான்.

"கடன் கூடாதுன்னா இல்லாதவங்க என்ன பண்றது?" என்று எங்கள் குழுவிலேயே ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பக்கத்து ஆந்திராவில் கிடைத்தது. 2000-க்குப் பிறகு அங்கே கிராமத்து மகளிர் அமைப்புகள் அரிசியை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குக் கொடுத்தன. கையில் பணம் இல்லாதவர்களுக்கு அது கடனாகவே போனது. ஆனால் குழுவின் கடன் கணக்கில் முறையாக எழுதி, தவணை வைத்து வசூலித்தார்கள்.

இதிலிருந்து நாங்கள் எடுத்த தீர்மானம் ஒன்றுதான். சாமானும் கடனும் ஒரே நோட்டில் வரக் கூடாது! முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும் சாமான். பணம் இல்லாதவர் குழுவில் உள்கடன் கேட்கட்டும். எல்லோரும் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, தவணை சொல்லி, பணத்தைக் கையில் வாங்கி, அதைச் சாமானுக்குக் கட்டட்டும். 2,000 ரூபாய்க்கு மாசம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் 20 ரூபாய். கடையில் நோட்டு வைத்து வாங்கும்போது நூறு ரூபாய்ச் சாமானுக்கு ஐந்து ரூபாய் கூடப் போனாலே 100 ரூபாய் ஆச்சு. அதைவிட, பாக்கி இருக்கிற கடையில் நாம் விலை கேட்க முடியுமா? வேறு கடைக்குத்தான் போக முடியுமா?

நம்ம பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கடலும் கிடையாது, கழனி வேலையும் கிடையாது. நோட்டில் பாக்கி ஏறுவது அப்போதுதான். அதனால் ஆடி பிறந்ததும் மழைக்காலச் சாமானுக்கென்று தனியாக வாரம் 100 ரூபாய் கட்டுகிறோம். பன்னிரண்டு வாரத்தில் 1,200 ரூபாய். அடைமழைக்கு முன்னால் பருப்பும் எண்ணெயும் வீட்டுக்கு வந்துவிடும்.

நாங்கள் கடைப்பிடிக்கும் மற்ற முறைகள்:

1. முதலில் ரேஷன். அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் பருப்பு கிலோ நூறு ரூபாய்க்கு மேல். இதை விட்டுவிட்டு மொத்தக் கடைக்கு ஓடக் கூடாது. வாங்காத பொருளை வாங்கியதாக செல்போனில் செய்தி வந்தால் 1967-க்கு போன் பண்ணுங்கள்.

2. மூன்று கடையில் விலை கேட்ட பிறகுதான் வாங்க வேண்டும். புதுப்பட்டினத்தில் ஒரு விலை, திருக்கழுக்குன்றத்தில் ஒரு விலை. மாசம் இரண்டு பேர் போகட்டும். அடுத்த மாசம் வேறு இரண்டு பேர். எல்லோருக்கும் விலை தெரியும், சந்தேகமும் வராது.

3. வண்டி வாடகையைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாடகை 600 என்றால் வீட்டுக்கு 50. பருப்பு மட்டும் வாங்கினால் 90-ல் 40 தான் மிச்சம். மல்லி, புளி, சோப்பும் சேர்த்து வாங்கினால் வாடகை அதேதான், மிச்சம் கூடும்.

4. பாக்கெட்டில் எம்.ஆர்.பி. மட்டும் பார்க்காதீர்கள். இப்போது கிராமுக்கு என்ன விலை என்றும் அச்சடிக்கிறார்கள். அதை ஒப்பிட்டால் எது மலிவு என்று உடனே தெரியும். பெரிய பாக்கெட் எல்லாமே மலிவு என்று நம்பிவிட வேண்டாம்.

5. 2022 ஜூலை 18 முதல், அடைத்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையுள்ள அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதனால்தான் 26 கிலோ மூட்டை கடைக்கு வந்தது. இரண்டு வீடு சேர்ந்து ஒரு மூட்டை பிரித்துக்கொள்ளலாமே!

6. புளி, மிளகாயை மாசி முதல் சித்திரைக்குள் வாங்கி, நல்ல வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். நம்ம கடற்கரை ஈரக் காற்றுக்கு மூடி இறுக்கமான டப்பா அவசியம். வண்டு விழுந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு.

7. டப்பா நிறைய இருக்கிறதே என்று கை தாராளமாகப் போகும். சேர்த்து வாங்கிய முதல் மாசம் எங்கள் வீடுகளில் எண்ணெய் பத்து நாள் முன்னாலேயே தீர்ந்துபோனது! மாசத்துக்கு எவ்வளவு என்று அளந்து தனியே எடுத்து வையுங்கள்.

சகோதரிகளே, இப்படி மிச்சமாகும் பணத்தை அன்றே குழுவில் கட்டிவிடுங்கள். கையில் இருந்தால் அது எப்படிப் போகும் என்று நமக்கே தெரியாது. நாங்கள் அதை "பருப்புச் சேமிப்பு" என்று தனிப் பக்கத்தில் எழுதுகிறோம். பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளுக்கு நோட்டு, பை வாங்க அந்தப் பக்கத்தைத்தான் திருப்புகிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு மாச மளிகைக் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாத அக்காமார்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தரட்டும். எழுதினாலே பாதிச் செலவு கண்ணில் படும். மீதியைச் சேர்ந்து குறைப்போம்.