ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலி

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், பி பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் பேசியது. விழாவுக்கு வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



செயலாளர் சார் போன வாரம் லிஃப்ட் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஊர் ஊராப் போய்க் கச்சேரி கேட்டவராச்சே, அந்த அனுபவத்தைப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். எனக்குப் பாட வராது. ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. நாற்பது வருஷம் கீழே உட்கார்ந்து கேட்டேன், அவ்வளவுதான் என் தகுதி. மேடையேறி மைக் பிடிப்பது இதுதான் முதல் தடவை. இந்த மைக்கைப் பற்றியும் பின்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

சென்னைக்காரர்கள் மார்கழி வந்தால் எந்த சபாவில் யார் பாடுகிறார்கள் என்று பார்த்துக் கிளம்புவார்கள். நெய்வேலிக்காரன் முதலில் தன் ஷிஃப்டைப் பார்ப்பான். காலை ஷிஃப்ட் என்றால் சாயங்காலக் கச்சேரிக்குப் போகலாம், ஆனால் பாதியில் கண்ணைச் சொக்கும். மதிய ஷிஃப்ட் என்றால் அந்த வாரம் முழுக்கக் கச்சேரி கிடையாது. இரவு ஷிஃப்ட் என்றால் ராகம் முடிந்து பல்லவி எடுக்கும்போது எழுந்து ஓட வேண்டும். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஒரு நண்பர் இருந்தார். அவருக்குச் சங்கீதம் பிடிக்காது. எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. அதனால் எங்கள் நட்பு ஓய்வு பெறும் வரை நன்றாக ஓடியது.

நம் ஊரில் கேட்க என்ன இருக்கிறது என்று சின்னவர்கள் கேட்கிறார்கள். சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு நாதஸ்வரம் கேட்டிருக்கிறேன். 1998-இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு, புத்தகம் வாங்குகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மாலை நிகழ்ச்சிக்காகவே போயிருக்கிறேன். பக்கத்தில் வடலூர். 1872-இல் வள்ளலார் அமைத்த சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று விடியற்காலை ஜோதி தரிசனம் பார்த்துவிட்டு, மைதானத்தில் வட்டமாக உட்கார்ந்து அருட்பா பாடுகிறவர்கள் பக்கத்தில் நானும் போய் உட்காருவேன். மேடையும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. கொஞ்சம் தள்ளிப் போனால் சிதம்பரம். அங்கே 1981-லிருந்து சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. எல்லாரும் ஆடுகிறவர்களைப் பார்ப்பார்கள், நான் ஓரமாக உட்கார்ந்து பாடுகிறவர்களைக் கேட்பேன். நம் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டிருக்கும் நெய்வேலி சந்தானகோபாலன் அவர்களுக்கு 2020-ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருது அறிவித்தபோது, எனக்கே கொடுத்த மாதிரி நான்கு வீட்டுக்கு ஸ்வீட் கொடுத்தேன்.

திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்கு முதன்முதலில் போனது மறக்காது. இரவு ஷிஃப்ட் முடித்து, குளிக்காமல் கொள்ளாமல் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் என்று மாறி மாறிப் போனேன். போய்ச் சேர்வதற்குள் பஞ்சரத்தினத்தில் நாட்டையும் கௌளையும் முடிந்து ஆரபி நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு வராளியும் ஸ்ரீ ராகமும் இருந்தன. ஐந்தும் ஆதி தாளம்தான். பக்கத்தில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் போட்ட தாளம் தப்பு. அவர் பாட்டை நிறுத்தாமலே என் கையைப் பிடித்து, தன் கையோடு சேர்த்து நாலைந்து ஆவர்த்தனம் தட்டினார். அப்புறம் விட்டுவிட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் தாளம் அன்றைக்குப் பிடிபட்டதுதான். ரேடியோவும் கேசட்டும் இதைச் செய்யாது. நேரில் போய் உட்கார்ந்தால்தான் இது கிடைக்கும்.

இதெல்லாம் நல்ல பக்கம். இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் இன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

எனக்குக் கர்நாடக சங்கீதம் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு இளையராஜாவும் பிடிக்கும். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது நான் கல்லூரிப் பையன். கோயில் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி என்று நோட்டீஸ் ஒட்டினால் போதும், முதல் ஆளாகப் போய் நிற்பேன். என் இடம் எப்போதும் ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்து நாற்காலி. பேஸ் கிட்டார் நெஞ்சில் இடிக்க வேண்டும், அப்போதுதான் எனக்குக் கச்சேரி கேட்ட திருப்தி. வீட்டுக்கு வந்து படுத்தால் காதில் வண்டு கத்துகிற மாதிரி இருக்கும். காலையில் போய்விடும். அதைக் கச்சேரியின் ருசி என்றே நினைத்திருந்தேன். வேலையிடத்தில் இரைச்சலுக்குக் காதை மூடிக்கொள்ளச் சாதனம் கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிந்ததும் நான்தான். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் பொங்கல் விழா நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவில் நாலு பெரிய பாக்ஸ். "சவுண்டு பத்தல, ஏத்துங்க" என்று கையை ஆட்டியவர்களில் நானும் ஒருவன். என் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. என் மடியில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் அவள் கையை எடுத்துவிட்டேன். "நல்லாக் கேளுடி, தாத்தாவுக்குப் பிடிச்ச பாட்டு" என்றேன். மறுபடியும் பொத்தினாள். மறுபடியும் எடுத்துவிட்டேன். அன்று ராத்திரி படுக்கும்போது, "தாத்தா, காதுக்குள்ள கொய்ய்ய்னு சத்தம் வருது" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "காலையில சரியாப் போயிடும், தாத்தாவுக்கும் அப்படித்தான் வரும்" என்று சமாதானம் சொன்னேன்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு சின்னக் கூடத்தில் பாட்டுக் கச்சேரிக்குப் போயிருந்தேன். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். பாடகி கல்யாணி ஆலாபனையை முடித்து நிறுத்தினார். அரங்கம் முழுக்க அமைதி. அந்த மாதிரி நேரத்தில் தம்புரா மட்டும் கேட்கும் பாருங்கள், அதற்காகவே நான் கச்சேரிக்குப் போகிறவன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "தம்புரா வைக்கலையா சார்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேடையைக் காட்டினார். பாடகிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து தம்புரா மீட்டிக்கொண்டிருந்தாள். விரல் போவது தெரிகிறது. தந்தி அதிர்வதுகூடத் தெரிகிற மாதிரி இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. மீதிக் கச்சேரியை நான் கேட்கவில்லை, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் காது டெஸ்டுக்குப் போனேன். டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு நேராக வந்து 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது. சத்தத்தால் கெட்ட காதில் முதலில் அடிபடுவது அந்த இடம்தானாம். பேச்சில் ச, த, ஸ மாதிரி ஒலிகளும், தம்புராவின் மேல் ஒலிகளும் அதனால்தான் எனக்கு நழுவுகின்றன. உள்காதில் முடி மாதிரி நுண்ணிய செல்கள் இருக்கின்றன, ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. செத்தால் திரும்ப முளைக்காது. "கச்சேரி முடிஞ்சு காதில் கொய்யின்னு வரும்னு சொன்னீங்களே சார், அது அந்தச் செல்கள் தாங்கலைன்னு சொல்றது" என்றார். எனக்கு உடனே பேத்தி ஞாபகம்தான் வந்தது. அவள் காதைப் பொத்தியது சரி. அந்தக் கையை இரண்டு தடவை எடுத்துவிட்டது நான்.

அவளுக்கும் டெஸ்ட் எடுத்தோம். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது. அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

டாக்டர் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். வேலையிடப் பாதுகாப்புக்கு உலகில் பல இடங்களில் சொல்கிற கணக்கு இது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. இப்படியே போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். இசை அரங்குகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஒரு வரையறை சொல்லியிருக்கிறது: 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. பெரிய பாக்ஸுக்கு முன்னால் உட்கார்ந்தால் 100-ஐத் தொடுவது ஒன்றும் கஷ்டமில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் நம் வளாகம் திறந்த வெளி இல்லை. இரண்டு பக்கமும் சுவர். சத்தம் மோதி மோதித் திரும்பி வருகிறது.

நாதஸ்வரமும் தவிலும் சத்தம் இல்லையா என்று கேட்பீர்கள். சத்தம்தான். சாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி எடுத்தால் நாலு வீதிக்குக் கேட்கும். ஆனால் அங்கே நாம் நடக்கிறோம். கிட்டே போகலாம், தள்ளி நிற்கலாம், அது நம் இஷ்டம். மைக் வருவதற்கு முன்னால் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் தொண்டையாலேயே கேட்க வைத்தார்கள். மைக் வந்ததால் மெல்லிய குரல்காரர்களும் மேடையேற முடிந்தது, அது பெரிய உபகாரம். மைக்கை நான் குறை சொல்லவில்லை. அதை ஏற்றச் சொல்லிக் கையாட்டிய என்னைத்தான் சொல்கிறேன்.

இப்போது காதில் மெஷின் போட்டிருக்கிறேன். பேச்சுக்கு நன்றாக உதவுகிறது. சங்கீதத்துக்கு அவ்வளவு லேசில் பழகாது. முதல் தடவை புல்லாங்குழல் கச்சேரிக்குப் போட்டுக்கொண்டு போனபோது வேடிக்கை. மெஷினுக்குள் கீச்சென்ற விசில் சத்தத்தை அடக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. அவர் ஒரு ஸ்வரத்தில் நீளமாக நின்றால், என் மெஷின் அதையும் விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கிறது. ஸ்வரம் நடுங்குகிறது. அவர் சுத்தமாக வாசிக்கிறார், எனக்கு மட்டும் அபஸ்வரம். பிறகு இசைக்கென்று தனி செட்டிங் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது பரவாயில்லை.

கச்சேரிக்குப் போவதை விடவில்லை. முன்னைவிட அதிகமாகப் போகிறேன். மிருதங்கக்காரர் கை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருகிறேன். தனி ஆவர்த்தனம் வந்தால் காபிக்கு எழுந்து போகிற கூட்டத்தில் இருந்தவன்தான் நானும். இப்போது தனியை ஒரு சொல் விடாமல் பார்க்கிறேன். காது விட்டதைக் கண் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கிறது. வீட்டில் போனில் கேட்டால் இது கிடையாது. அதனால்தான் காது நன்றாக இருப்பவர்களும் நேரில் போங்கள் என்கிறேன்.

கடைசியாக நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, விழாக்களில் பாக்ஸ் வைத்தால் இரண்டு பிளாக்குக்கும் நடுவில் வேண்டாம், பூங்கா ஓரமாக வையுங்கள். பாக்ஸிலிருந்து பத்தடிக்குள் நாற்காலி போடக் கூடாது, முக்கியமாகக் குழந்தைகளுக்கு.

இரண்டு, சத்தம் அளக்க இப்போது போனிலேயே ஆப் இருக்கிறது. துல்லியமாக இருக்காது, ஆனால் உத்தேசம் தெரியும். முன்வரிசையில் 85-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாம். சட்டம் இன்னும் கண்டிப்பானது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. சி பிளாக்கில் உடம்பு முடியாதவர்கள் இருக்கிறார்கள். இரவு ஷிஃப்ட் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நாற்பது வருஷம் அப்படித் தூங்கியவன் சொல்கிறேன்.

மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒரு சாயங்காலம், நம் கூடத்தில் மைக் இல்லாமல் ஒரு மணி நேரக் கச்சேரி வைப்போம். ஜமுக்காளம் விரித்து ஐம்பது பேர் உட்காரலாம். நம் வீட்டுப் பிள்ளைகளே வீணை, வயலின், கீபோர்டு என்று கற்றுக்கொள்கிறார்கள். அருட்பா பாடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். முதல் கச்சேரிக்கு ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஜமுக்காளமும் நானே விரிக்கிறேன். ஒரே ஒரு சலுகை வேண்டும். தம்புரா வைத்தால், எனக்கு அதன் பக்கத்தில் இடம் கொடுங்கள். பேத்தியும் என்னோடு உட்காருவாள். எனக்குக் கேட்காவிட்டால் அவள் கேட்டுச் சொல்வாள்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பத்து நிமிஷம் என்று சொல்லி இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும்.