சத்து மாத்திரையும் நமது சட்டைப் பையும்

(பொன்விழா ஆண்டையொட்டி நமது பங்கின் மாதர் சங்கத்தார் ஏற்பாடு செய்த குடும்ப நலக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இது மறையுரை அன்று. ஆகவே பின்வரிசையில் அமர்ந்திருப்போர் இப்போதே கண்ணயர வேண்டிய அவசியம் இல்லை. மருத்துவர் ஒருவர் பேச வேண்டிய பொருளைப் பற்றிப் பங்குச் சாமியார் ஏன் பேச வந்தார் என உங்களில் சிலர் வியக்கலாம். காரணம் உண்டு. பொன்விழாக் கணக்குகளைச் சரிபார்க்கும் பொருட்டு, நம் ஏழைகள் நிதியின் நோட்டுப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினோம். அரிசி, பள்ளிக் கட்டணம், அடக்கச் செலவு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அடிக்கடி கண்ணில் பட்ட சொல் "டானிக்" என்பதாகும். மூன்று ஆண்டுகளில் 41 முறை! ஒவ்வொன்றுக்கும் எதிரே எமது கையொப்பம்.

அவற்றுள் ஒரு பதிவைப் பற்றி மட்டும் உங்களிடம் சொல்ல விரும்புகிறோம். சம்பந்தப்பட்ட மகள் அனுமதி தந்த பின்னரே சொல்கிறோம், பெயர் கேளாதீர்கள். ஐந்து மாதக் கர்ப்பிணி. மாமியாருடன் வந்து, "சாமி, பிள்ளைக்குச் சத்து இல்லியாம், டானிக் வாங்கணும்" என்று நின்றாள். விலை 380 ரூபாய். கொடுத்தோம். அடுத்த மாதமும் கொடுத்தோம். நான்கு மாதங்கள் இவ்வாறு நடந்தது. ஒன்பதாம் மாதம் இரத்தத்தைப் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 6.4 கிராம். கர்ப்பிணிக்கு 11 கிராமாவது இருக்க வேண்டும்; 7-க்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நம் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் இருவர் நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் போய் இரத்தம் கொடுத்து வந்தனர். தாயும் சேயும் பிழைத்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தை இப்போது இந்த மண்டபத்தில்தான் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது மாமியார் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் கொடுத்த சிவப்பு மாத்திரை அட்டைகள், பிரிக்கப்படாமல், சேலைகளுக்கு அடியில் அப்படியே கிடந்தன. "சும்மா குடுக்கிற மாத்திரைதானே சாமி? தின்னாக் குமட்டுது, வெளிக்குப் போனா கறுப்பாப் போகுது. அதான் காசு குடுத்து நல்லதா வாங்கினோம்" என்றார். புட்டியின் மேலிருந்த தாளைப் படித்துப் பார்த்தோம். ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டிய அளவில் 10 மில்லிகிராம் இரும்பு. பெட்டியில் கிடந்த மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு, அத்துடன் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். தேவையானது இலவசமாகப் பெட்டியில் கிடக்க, போதாததற்குப் பணம் எடுத்துக் கொடுத்தவர் நாமே. அன்றிலிருந்து இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். படித்ததில் தெளிவாக விளங்கியதை மட்டும் இங்கே கூறுகிறோம்.

உயிர்ச்சத்து என்பது முதலில் கோழிகளிடமிருந்து தெரிய வந்தது என்றால் நம்புவீர்களா? 1890-ஐ ஒட்டி ஜாவாத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், கால் மரத்து மனிதர் முடங்கிப்போகும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்கும் அதே போன்ற நோய் கண்டது. சில மாதங்களில் தானாகவே நீங்கியும் விட்டது. விசாரித்ததில் செய்தி வெளியாயிற்று. ஆஸ்பத்திரிச் சமையற்காரர் ஒருவர் நோயாளிகளுக்கான தீட்டிய அரிசிச் சோற்றில் மிஞ்சியதைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார். புதிதாக வந்தவரோ, இராணுவச் சோற்றை வீட்டுக் கோழிக்குப் போடுவதா என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசியைத் தின்ற கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டில் ஏதோ இருக்கிறது என்பது இவ்வாறுதான் புலப்பட்டது. 1929-ஆம் ஆண்டில் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கஞ்சச் சமையற்காரருக்கு யாரும் ஒன்றும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. குன்னூரில் இயங்கி வந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அய்க்ராய்ட் என்னும் மருத்துவர் ஆராய்ந்தபோது, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது; புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது காணப்படவில்லை. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய பகுதியிலுள்ள பி1 சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் பெயர் தெரியாமலே அதை உண்டு வந்தார்கள். ஆனால் அரிசியை ஆறேழு தண்ணீரில் கழுவிக் கஞ்சியையும் வடித்துக் கொட்டினால், உள்ளே இறங்கியதும் சாக்கடைக்குத்தான் போகும் என்பதைத் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு செய்தி நம் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவர் குழுவினரும் இம்மாவட்டக் கிராமங்களில் 15,419 சிறு குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில், அந்தப் பிரிவில் இறப்புகள் மற்றதைவிட 54 விழுக்காடு குறைவாக இருந்தன. 1990-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இது வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. மாலைக்கண் நோய் வராமல் காக்கும் சத்து என்று நாம் அறிந்திருந்த பொருள், வயிற்றுப்போக்கிலும் அம்மையிலும் குழந்தை இறந்துபோகாமலும் காத்தது. ஆகவே "மாத்திரையெல்லாம் ஏமாற்று வேலை, கீரையைத் தின்றால் போதும்" என்று சொல்லும் பெரியவர்களோடு நாம் முற்றிலும் உடன்படவில்லை. ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை அரசு இலவசமாகத் தரும் அந்தச் சொட்டு மருந்துக்குக் குழந்தையைத் தவறாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

எமது கதையையும் சொல்லிவிடுகிறோம். எமக்குச் சர்க்கரை நோய் உண்டு; மெட்ஃபார்மின் மாத்திரை விழுங்கத் தொடங்கிப் பத்தாண்டுகள் ஆகின்றன. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், ஒன்றில் எல்லாம் அடங்கியது என்று சொல்லி, 300 மாத்திரை கொண்ட பெரிய புட்டி ஒன்றைத் தருவார். மூன்று ஆண்டுகள் பக்தியோடு விழுங்கினோம். அப்படியிருந்தும் உள்ளங்கால் எரியத் தொடங்கியது, பின்னர் மரத்தது, பீடத்துப் படியில் கால் வைப்பது தெரியாமல் ஒரு நாள் தடுமாறினோம். சர்க்கரையால் வந்தது என்றே எண்ணியிருந்தோம். மருத்துவர் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, பி12 மிகவும் குறைந்துள்ளது என்றார். மெட்ஃபார்மினை நெடுநாள் உண்போருக்கு இது நேரலாமாம். அந்தப் பெரிய புட்டியிலும் பி12 இருக்கத்தான் செய்தது, ஆனால் சிறிதளவு. எமது குறையை அது ஈடு செய்யவில்லை. ஊசியும் பிறகு பி12 மட்டும் உள்ள மாத்திரையுமாக ஆறு மாதத்தில் எரிச்சல் தணிந்தது. புட்டியைவிட அந்த மாத்திரைக்கு ஆன செலவு குறைவு! நம் பங்கில் சர்க்கரை நோயாளிகள் அநேகர். மீன், முட்டை, பால் எதையும் தொடாதவர்களுக்கும், வயது முதிர்ந்தவர்களுக்கும், இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கும் இக்குறை வரலாம். எந்தக் கீரையாலும் இது தீராது. செடிகொடிகளில் நாம் நம்பத்தக்க அளவில் பி12 இல்லை.

குறை இல்லாதவர் விழுங்கினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பி2 கலந்த மாத்திரையாயின் சிறுநீர் நல்ல மஞ்சளாகப் போகும். கொடுத்த காசு எந்த வழியாகப் போகிறது என்று கண்ணால் காணலாம்! அமெரிக்காவில் 14,641 ஆண் மருத்துவர்களைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். தினசரி பலசத்து மாத்திரையால் மாரடைப்பு குறையவில்லை. புற்றுநோய் மட்டும் சிறிது, 8 விழுக்காடு, குறைந்தது. சளிக்கு வைட்டமின் சி என்று நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் 1970-இல் நூல் எழுதியதிலிருந்து உலகம் அதை விழுங்கி வருகிறது. நம்மைப் போன்ற சாதாரண மக்களுக்கு அது சளி பிடிப்பதைத் தடுப்பதில்லை. நாள்தோறும் உண்டு வந்தவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் சிறிதே குறைகிறது, அவ்வளவுதான். 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் போதும். கொய்யா விற்கும் அம்மாள் நம் கோயில் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

சில வேளைகளில் தீமையும் விளையும். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரில் ஒரு பகுதியினருக்கு, நுரையீரலைக் காக்கும் என்ற நம்பிக்கையில் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் வெளிவந்த முடிவு நேர்மாறாக இருந்தது: உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம். பீடி பிடிக்கும் அன்பர்கள் கவனிக்க. நம் ஊரில் அதைவிட அதிகமாகக் காணும் தவறு வைட்டமின் டி பற்றியது. 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு என்று மருத்துவர் எழுதுவார். அதை நாளொன்று என்று எண்ணி மாதக்கணக்கில் உண்டால், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தி கண்டு, சிறுநீரகம் கெட்டுப்போகும். சீட்டில் "வாரம்" என்பதைச் செவிலியரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகள் வைட்டமின் ஏ மாத்திரையைத் தாமாக வாங்கி உண்ணவே கூடாது. அளவு மிஞ்சினால் கருவுக்கு ஊனம் நேரிடலாம்.

இனி வாங்கும் விஷயம். முதலில் இலவசமாகக் கிடைப்பதைக் கேட்டு வாங்குங்கள். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்ததிலிருந்து, அரசு ஆஸ்பத்திரி மருந்துகள் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி, தரப் பரிசோதனைக்குப் பின்னரே அனுப்பப்படுகின்றன. சும்மா கொடுப்பதால் மட்டம் என்று எண்ண வேண்டாம். சிவப்பு மாத்திரை கர்ப்பிணிக்கு நான்காம் மாதம் முதல் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள். பள்ளிப் பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. மலம் கறுப்பாவது இரும்பினால்தான். அதில் கெடுதல் இல்லை. குமட்டினால் இரவு உணவுக்குப் பின் உண்ணலாம். தேநீரோடும் காப்பியோடும் வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் அதே வேளையில் விழுங்க வேண்டாம், ஒன்று மற்றதை உடலில் சேரவிடாது. ஒரு துண்டு எலுமிச்சை நல்லது.

காசு கொடுத்து வாங்கியே தீர வேண்டுமானால், கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தருமாறு மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள். மத்திய அரசு 2008-இல் தொடங்கிய திட்டத்தின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் மாநில அரசு 1,000 இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும், அதே மருந்து பெரும்பாலும் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கும். புட்டியின் தாளைப் படியுங்கள். "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்" என்று சிறிய எழுத்தில் அச்சிட்டு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் போட்டிருந்தால் அது உணவுப்பொருள் வகை. நோயைத் தீர்க்கும் மருந்து அன்று. விலையை நாட்கணக்கால் வகுத்துப் பாருங்கள். 380 ரூபாய்ப் புட்டி ஒரு மாதம் வரும். முட்டை ஒன்று 7 ரூபாய் என்றாலும் அந்தப் பணத்துக்கு 54 முட்டை கிடைக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் சத்துப் பொடி டப்பாக்களைக் காட்டி, "நீங்களும் சேர்ந்து நாலு பேரைச் சேர்த்துவிட்டால் உங்கள் டப்பா இலவசம்" என்று நம் மக்களே நம் மக்களிடம் விற்று வருகிறார்கள். யார் மீதும் எமக்குக் கோபமில்லை. வேலையில்லாத கொடுமை எமக்குத் தெரியும். ஆனால் சென்ற மாதம் ஒரு விதவைத் தாய் நகையை அடகு வைத்து மூன்று டப்பா வாங்கியிருக்கிறார். கோயில் வளாகத்துக்குள் இவ்விற்பனை இனி வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஏழைகள் நிதியிலிருந்து டானிக்குக்குப் பணம் கொடுப்பது நின்றுவிட்டது என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. சீட்டைக் கொண்டு வாருங்கள். அரசு நிலையத்தில் உள்ளதை அங்கே வாங்கித் தர மாதர் சங்கத்தில் இருவர் உடன் வருவார்கள். இல்லாததை நாம் வாங்கித் தருவோம். முட்டைக்கும் கேட்கலாம். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் வந்து இரத்தம் பார்க்கிறார். கர்ப்பிணிகளும் வளர்ந்த பெண்பிள்ளைகளும் முதலில். வரும்போது வீட்டிலுள்ள புட்டி, அட்டை, டப்பா அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். எமது 300 மாத்திரைப் புட்டியையும் அந்த மேசைமேல் வைப்போம். இன்னும் பாதி மீதம் இருக்கிறது.