விளையாட்டும் ஒரு கொப்பியும்

(ஹட்டன் பகுதித் தோட்டமொன்றின் இந்து இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவிலே பேச வருகிறவர் பக்தியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசிவிட்டு அமர்வதே வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் கைத்தொலைபேசி விளையாட்டு. முன்வரிசைப் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. பின்வரிசையிலே சிலர் நிமிர்ந்து உட்காருவதும் தெரிகிறது. இரு சாராரும் சற்றே பொறுத்தருள வேண்டும்.

நாம் சொல்வது எல்லேயும் கிரிக்கெட்டுமல்ல, மாயலோக விளையாட்டு. மந்திரவாதிகளும் வாள்வீரர்களும் தீயுமிழும் பறவை நாகங்களும் உலவுகின்ற ஒரு கற்பனை நாடு. அதிலே விளையாடுகிறவன் ஒரு வேடம் தாங்கிக்கொள்கிறான். உலகத்தின் பல திக்குகளில் இருப்போர் ஒரே வேளையில் அந்த நாட்டிற்குள் நுழைந்து கூடிப் போர் செய்கிறார்கள், கோட்டை கட்டுகிறார்கள், வம்பும் பேசுகிறார்கள். இங்கிலாந்திலே எஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1978 இல் வெறும் எழுத்துக்களாலேயே இவ்வகை உலகமொன்றை ஆக்கினார்கள். படங்களோடு கூடிய பெரிய உலகங்கள் பிற்பாடு வந்தன. ‘வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்’ 2004 இல் வந்தது.

நம் லயங்களுக்கு இது வந்த கதை வேறு. 2020 மார்ச் மாதத்திலே கொள்ளை நோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் போன் வழியாக வரும் என்றார்கள். சீட்டுப் பிடித்தும் தோட்டை அடகு வைத்தும் பெற்றோர் போன் வாங்கினார்கள். சிக்னல் இல்லாத லயத்துப் பிள்ளைகள் மலைமேட்டுக்கு ஏறிப்போய்க் குந்தியிருந்தார்கள். பாடம் வந்ததோ இல்லையோ, விளையாட்டு வந்து சேர்ந்தது. பிறகு பாடசாலைகள் திறந்தன; விளையாட்டுப் போகவில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் மன்றத்துத் தம்பி ஒருவருடைய தகப்பனார் மன்ற அறைக்கு வந்தார். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் இச்சபையிலேயே இருக்கிறார்கள். “ராவெல்லாம் வெளிச்சம் எரியுது தம்பி. போனைப் புடுங்கி அலுமாரியில பூட்டிட்டேன். நீங்கதான் இவனுக்குப் புத்தி சொல்லணும்” என்றார். பிள்ளையை அழைத்து, “ராத்திரியிலே அப்படி என்னதான் செய்கிறாய்?” என்று கேட்டோம். “சும்மா விளையாடுறேன் அண்ணே” என்றார். அதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மறைத்தார் என்று நாம் நினைக்கவில்லை, சொல்லத் தெரியவில்லை. நமக்கும் புத்தி சொல்லத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கைக்கு அகப்பட்ட எண்பது பக்கக் கொப்பியொன்றைக் கொடுத்து, “போனை அப்பாவிடம் கேட்டு வாங்கித் தருகிறோம். ஒரு மாதத்திற்கு, விளையாடிய ஒவ்வோர் இரவைப் பற்றியும் மறுநாள் ஐந்து வரி எழுது” என்றோம்.

அந்தக் கொப்பி என்னவாயிற்று என்பதைப் பின்னர் சொல்வோம். முதலிலே பெரியவர்களிடம் ஒரு வார்த்தை.

“எங்கள் காலத்தில் இந்தப் பைத்தியமெல்லாம் இல்லை” என்கிறீர்கள். அப்படியா? மாசி மாதத்தை மறந்துவிட்டீர்களா? அமாவாசை கழிந்து பிறை கண்டதும் காமன் பொட்டலிலே கம்பம் ஊன்றுவீர்கள். அன்று தொடங்கித் தப்புச் சத்தம் மலைக்கு மலை எதிரொலிக்கும். பகலிலே கொழுந்து நிறுத்தவரும் கவ்வாத்து வெட்டியவரும் இரவிலே மன்மதனும் ரதியும் ஆவார்கள். வீரபத்திரர் வருவார், எமன் வருவார், தூதன் ஓலை கொண்டு வருவான். மீசையை மழித்த ஆண்பிள்ளையே ரதி. அவர் தலைவிரி கோலமாய் அழும்போது, மூன்று பிள்ளை பெற்ற தாய்மாரும் விம்மி அழுததை நாம் சிறுவயதிலே கம்பளிக்குள் இருந்து பார்த்திருக்கிறோம். விடிந்தால் பிரட்டு. துரை எப்படிக் கத்தினாலும் அந்த நாட்களில் பாதித் தோட்டம் தூக்கக் கலக்கத்தோடுதான் மலைக்கு ஏறும். அதுவும் ஒரு கற்பனை நாடுதானே? அதற்குள்ளேயும் வேடம் போட்டுக்கொண்டு, இரவெல்லாம் கண்விழித்து, கூட்டாக விளையாடத்தானே செய்தோம்?

தஞ்சாவூர்ப் பக்கத்திலே காமன் பண்டிகைக்கு லாவணி பாடுவார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று மறு கட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே பெயர். கற்பனை உலகத்திலே நடந்தது மெய்யா பொய்யா என்று இராப்பகலாய்த் தர்க்கித்த பரம்பரை நம்முடையது. மாயலோகத்தில் விளையாடுகிறவன் தாங்கும் வேடத்திற்கு இன்று உலகமெங்கும் வழங்கும் பெயரும் ‘அவதாரம்’ என்ற நம்முடைய சொல்தான். 1985 இல் வந்த அல்டிமா என்ற விளையாட்டு வரிசையின் நான்காம் பாகமும், அடுத்த ஆண்டு வந்த ஹபிடாட் என்ற விளையாட்டும் அதை அந்தத் துறைக்குள் கொண்டுவந்தன. கடன் கொடுத்த நாம் வட்டி கேட்கவில்லை!

ஆனால் காமன் கூத்து எல்லாவற்றிலும் இவ்விளையாட்டை ஒத்ததென்று சொல்லமாட்டோம். கூத்து ஆண்டுக்கொரு முறை. கம்பம் எரிந்ததும் வேடம் கலைந்துவிடும். போனிலே கம்பம் எரிவதே இல்லை. அது பெரிய வித்தியாசம். தம்பிமார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் மனத்தை உறுத்துவது இன்னொன்று. பல்லாண்டுகள் ரதி வேடம் கட்டிய ஒரு பெரியவர் நம் பக்கத்தில் இருந்தார். அவர் காலமான பின்னரே நமக்கு ஞானம் பிறந்து, அவர் வீட்டுக்குப் போய், ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்டோம். தகரப் பெட்டியிலிருந்து ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துத் தந்தார்கள். பாட்டுகள் எல்லாம் இருந்தன, கோணல் எழுத்திலே. ரதியாக நின்ற இரவுகளில் அவர் என்ன நினைத்தார், யார் யார் அவரோடு ஆடினார்கள், எந்த ஆண்டு மழையிலே கம்பம் எரிய மறுத்தது, ஒன்றுமில்லை. பாட்டு இருந்தது, அவர் இல்லை. அவர் உயிரோடிருந்தபோது நாம் ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது நம்முடைய குற்றம்.

மலைநாட்டுத் தோட்டத்து மனிதரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். துரைமார் எழுதினார்கள், அரசாங்க அதிகாரிகள் எழுதினார்கள். செக்ரோலிலே நம் பாட்டிமாரின் வாழ்க்கை முழுப்பேர், அரைப்பேர் என்று தினந்தோறும் பதிவாகியிருக்கிறது. அவர்களே தம்மைப் பற்றி எழுதியது எவ்வளவு? மடக்கும்புரத் தோட்டத்திலே 1914 இல் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போன ஸி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாய்ப்பாடல்களைத் தேடித் திரட்டினார். நம் வாழ்க்கையைக் கதையாகவும் கவிதையாகவும் எழுதினார். அப்படிச் சிலரே.

பெரிய விஷயங்களைத்தான் எழுதவேண்டும் என்று யாரும் எண்ணவேண்டாம். புதுச்சேரியிலே ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் சமாச்சாரமும் உண்டு, சண்டையும் உண்டு. கூடவே அன்றாட ஊர்ப்பேச்சும் உண்டு. பண்டிதத் தமிழிலே எழுதவில்லை. வாயிலே வழங்கிய தமிழிலேயே எழுதினார். அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1846 இல்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் அந்த ஏடுகள் பட்டன.

விளையாட்டைப் பற்றி எழுதியவருக்கும் உதாரணம் உண்டு. நோர்வே நாட்டிலே மட்ஸ் ஸ்டீன் என்றொரு இளைஞர். தசைகள் படிப்படியாக நலிந்துபோகும் நோயோடு பிறந்தவர். சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர். நாளெல்லாம் ‘வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்’ விளையாடினார். பிள்ளைக்குச் சிநேகிதர் என்று ஒருவருமில்லையே என்று பெற்றோர் வருந்தினார்கள். அந்த உலகத்திலே அவருக்கு இபெலின் என்று பெயர். நடக்கமாட்டாதவர் அங்கே ஓடினார். தம் வாழ்வைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் அவ்வப்போது எழுதியும் வந்தார். 2014 நவம்பரிலே, இருபத்தைந்து வயதில் இறந்துபோனார். அவர் எழுதிவந்த பக்கத்திலேயே பெற்றோர் மரண அறிவித்தல் இட்டார்கள். ஐரோப்பாவின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வரத் தொடங்கின. இன்ன இரவிலே அவர் எமக்கு ஆறுதல் சொன்னார், இன்ன வேளையிலே பெற்ற பிள்ளையோடு பேச வழி சொன்னார் என்றெல்லாம் முன்பின் அறியாதவர்கள் எழுதினார்கள். சிலர் பிரயாணம் செய்து மரணச் சடங்கிற்கே வந்துவிட்டார்கள். அவர் கதை 2024 இல் ஆவணப்படமாக வந்து உலகமெங்கும் பார்க்கப்பட்டது. அவர் எழுதி வைத்திராவிட்டால், அறிவித்தல் இடுவதற்கு ஓர் இடமே பெற்றோருக்கு இருந்திராது.

இனி நம் தம்பியின் கொப்பி. முதல் வாரம் முழுவதும் “வென்றோம்”, “தோற்றோம்”, “இரண்டு மணித்தியாலம்” என்பவைதாம். வாசிக்க அலுப்பாக இருந்தது, அவரிடமே சொன்னோம். அவர் விளையாடுவது ‘கிளாஷ் ஒவ் கிளான்ஸ்’. ஊர் கட்டி, காவல் வைத்து, ஐம்பது பேர் வரையில் ஒரு குலமாகச் சேர்ந்து மற்றொரு குலத்தோடு பொருதும் விளையாட்டு. ஒரு நாள் ஆயத்தம், மறுநாள் போர். ஒருவருக்கு இரண்டு தாக்குதல்தான். குலத்தவர் ஒருவருக்கொருவர் படை கொடுத்து உதவலாம். இரண்டாம் வாரத்திலே ஒரு வரி: “இன்று அவன் படை அனுப்பவில்லை. கடையில் நைட் வேலை.” யார் அவன் என்று கேட்டோம். அப்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. அந்தக் குலத்திலே ஐந்து பேர் ஒரே லயத்திலே பிறந்து, ஒரே பிள்ளைக்காம்பராவிலே வளர்ந்தவர்கள். ஒருவர் கொழும்பிலே சாப்பாட்டுக் கடையில், ஒருவர் கண்டியில் புடவைக் கடையில், ஒருவர் ஆடைத் தொழிற்சாலையில், ஒருவர் கட்டாரில். தோட்டத்திலே மிஞ்சியவர் இவர் ஒருவரே. இரவு பத்து மணிக்குப் பிறகு ஐவரும் கூடிப் பேசுகிற இஸ்தோப்பு அதுதான்.

நல்லது மட்டுமே அதிலே இருந்தது என்று சொல்லமாட்டோம். அம்மாவின் கைக்காசிலே சொல்லாமல் ரீலோட் போட்டதையும் எழுதியிருந்தார். மாத முடிவிலே மணித்தியாலங்களை அவரே கூட்டினார். எழுபதைத் தாண்டியது. இரண்டு தரம் கூட்டிப் பார்த்ததாகச் சொன்னார். உயர்தரப் பரீட்சைக்கு அப்போது ஐந்து மாதம்.

தகப்பனாருக்கு எழுத்து வாசிக்க வராது. பிள்ளையே வாசித்துக் காட்டினார். மணித்தியாலக் கணக்கு வந்த இடத்திலே நாம் பயந்துகொண்டுதான் இருந்தோம். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கட்டாருக்குப் போன பையனைப் பற்றிய இடத்திலே நிறுத்தச் சொல்லி, “அந்தப் பய நல்லா இருக்கானா? சாப்பாடு கெடைக்குதாமா?” என்று கேட்டார். அன்றிரவு அவரும் சற்று நேரம் மகன் அருகிலே உட்கார்ந்திருந்தாராம். சனி, ஞாயிறு மட்டும் என்று இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பரீட்சை முடியும்வரை அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் நின்றது.

எழுத விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. தேதியைப் போடுங்கள். ஓர் இரவுக்கு ஒரு சம்பவம் போதும். புள்ளிக் கணக்கைப் போனே வைத்திருக்கும், நீங்கள் எழுதவேண்டாம். பேசுகிற தமிழிலே எழுதுங்கள். காம்பராவைக் காம்பரா என்றே எழுதுங்கள். விளையாட்டுச் சொற்களை உள்ளபடியே எழுதி, முதல் தரம் மட்டும் ஒரு வரியிலே விளக்குங்கள், பத்து வருஷம் கழித்து உங்களுக்கே மறந்துபோகும். பிறருடைய பெயரையும் வீட்டு விஷயத்தையும் அவர்களைக் கேளாமல் எழுதவேண்டாம். நாமும் அதனாலேயே இங்கு ஒருவர் பெயரும் சொல்லவில்லை. செலவழித்த காசையும் நேரத்தையும் மட்டும் ஒளிக்காதீர்கள். கூத்திலே வேடம் கட்டிய பெரியவர்களும் எழுதலாம். எழுத வராதவர்கள் சொன்னால், எழுத நம் தங்கைமார் இருக்கிறார்கள்.

ஹட்டனிலிருந்து இரண்டு டசின் கொப்பி வாங்கி மன்ற அறை அலுமாரியிலே வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் அறை திறந்திருக்கும். முதற் கொப்பியை நம் தம்பியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய பழைய கொப்பி நிறைந்துவிட்டதாம்.