எதை முதலில் செய்வது?

(சங்கத்தின் வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கடந்து வந்த பாதையைப் பாராட்டுவது மரபு. அப்பணியை நமக்கு முன் பேசிய பெரியோர்கள் செவ்வனே நிறைவேற்றிவிட்டனர். நமக்கு இடப்பட்ட தலைப்பு வேறு. இனிவரும் ஆண்டுகளில் சங்கம் எதை முதலில் செய்ய வேண்டும், அதை எவர் செய்ய வேண்டும் என்பதே அது.

இதற்கென இருபத்தைந்து ஆண்டு நடவடிக்கைக் குறிப்பேடுகளையும் ஓரிரவு முழுவதும் புரட்டிப் பார்த்தோம். மாலை வகுப்பு, நோட்டுப் புத்தகம் வழங்கல், ஏப்ரல் 14 விழா, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேறுவோர்க்குத் தண்ணீர்ப் பந்தல், கபடிப் போட்டி, தையற் பயிற்சி, நூலகம் என எதையும் நாம் விட்டுவைக்கவில்லை. தீர்மானம் இல்லாத கூட்டமே இல்லை. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை, "செயற்குழு ஆவன செய்யும்" என்னும் தொடரோடு நின்றுவிட்டன. ஆவன செய்பவர் எவர், எந்நாளுக்குள் செய்வார் என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

அதன் விளைவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தி, செவிலியர் படிப்பில் சேர விரும்பி நம்மிடம் வந்தாள். அவளுடைய சாதிச் சான்றிதழில் ஒரு சிக்கல் இருந்தது. வேண்டிய தாள்களை அவளிடம் பெற்றுக்கொண்டோம். தலைவர் பார்ப்பார் என்று செயலாளர் இருந்தார். செயலாளர் பார்ப்பார் என்று நாம் இருந்தோம். ஒன்பது நாட்கள் அத்தாள்கள் நமது மேசை இழுப்பறையிலேயே கிடந்தன. கடைசி நாள் கடந்துவிட்டது. இன்று அவள் விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போகிறாள். எந்த அலுவலகத்தின் மீதும் பழி போட நமக்கு வாயில்லை. நாற்பது பேர் கொண்ட சங்கத்தில் அவ்வேலை ஒருவருடையதாகவும் இல்லை, குற்றம் அதுதான்.

நம் முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. 1891ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், அயோத்திதாசப் பண்டிதர் முன்னின்று உதகமண்டலத்தில் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாடு பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. இளைஞர்கள் அவற்றைத் தேடிப் படித்தல் வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள், மெட்ரிகுலேஷன் தேறிய ஏழை மாணவர்க்கு உதவித்தொகை, தேறியவர்க்கு அரசு வேலை, நகராட்சிகளில் பிரதிநிதித்துவம், பொதுக் கிணறு குளங்களில் நீர் எடுக்கும் உரிமை, சிறை விதிகளில் இருந்த இழிவான விதியொன்றை நீக்குதல் ஆகியவை அவற்றுட் சில. "சமுதாயம் முன்னேற வேண்டும்" என்று பொதுப்படப் பேசவில்லை பாருங்கள்! ஒவ்வொன்றும், ஓர் அதிகாரி உண்டு அல்லது இல்லை என்று விடையளிக்க வேண்டிய கோரிக்கையாகும். பொதுக் கிணறும் பொதுச்சாலையும் நமக்கும் உரியன என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். கோரிக்கை எழுந்து 33 ஆண்டுகள் கழிந்தும் அதை எவரும் கைவிடவில்லை.

அதே 1924இல் பம்பாயில் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். செய்ய வேண்டியவை மலைபோற் குவிந்திருந்த காலம் அது. எனினும் மறு ஆண்டே அச்சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. 1928இல் அச்சபை கலைக்கப்பட்டு, ஒடுக்கப்பட்டோர் கல்விக்கென்றே தனிக் கழகம் நிறுவப்பட்டது. தாம் தொடங்கிய சபையைத் தாமே கலைக்கும் துணிவு அவருக்கு இருந்தது. நாமோ ஒரு கபடிக் கோப்பையை நிறுத்தலாமா என்று ஆராய மூன்று கூட்டங்கள் கூட்டினோம்; கோப்பை இன்றும் நடக்கிறது!

ஆகவே அடுத்த இரண்டாண்டுகளுக்கு இரண்டே பணிகளை முன்னிறுத்துவோம் என்பது நமது கருத்து.

முதலாவது, சான்றிதழும் உதவித்தொகையும். இது திருத்தணிக்கே உரிய தனித்துயர் கொண்டது. இவ்வட்டம் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணையும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தலைமுறை தலைமுறையாய் இம்மண்ணிலேயே வாழ்ந்தவரின் பழைய பத்திரத்திலும் சித்தூர் என்றே இருக்கும். அதைக் கண்டு, தாம் அயலார் ஆகிவிட்டோமோ என்று மலைப்போர் உண்டு. மறுபுறம், எல்லைக்கு அப்பாலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் நிலை வேறு. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறு மாநிலம் குடிபெயர்ந்தால், அங்கே அத்தகுதியை உரிமையாகக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. நகரியிலும் இங்கும் கொள்வினை கொடுப்பினை உடையவர்கள் நாம். எக்குடும்பம் எவ்வகையைச் சேர்ந்தது, அதற்கு எத்தாள் வேண்டும் என்பதைப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பார்த்து முடித்தல் வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவியர்க்கான புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் வந்தன. திட்டங்கள் இருந்தும், வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாததால் பணம் வராமல் நிற்கும் பிள்ளைகளைப் பள்ளியில் நாம் கண்டிருக்கிறோம்.

இரண்டாவது, கல்லூரி முதலாண்டு. சேர்த்துவிட்டதோடு நம் கடமை முடிந்ததென்று மாலையிட்டு அனுப்பிவிடுகிறோம். முதற்பருவத் தேர்வில் இரண்டு தாள் தவறினால், பையன் வீட்டில் சொல்லாமல் விசைத்தறிக்குப் போய்விடுகிறான். மாதம் ஒருமுறை அவனைக் கண்டு பேச ஓர் அண்ணன் இருந்தால் போதும்.

போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் வேண்டும் என்று இளைஞர்கள் விரும்புவதை அறிவோம். அதை இரண்டாண்டுகள் ஒத்திவைக்கலாம் என்று சொன்னால் உங்களுக்கு வருத்தமாயிருக்கும். பட்டம் பெற்றவர் எப்படியும் ஒரு வழி தேடிக்கொள்வார். இடையில் நின்றவனைத் தேடிச் செல்ல நம்மையன்றி எவருமில்லை.

பணிக்கொரு குழு, குழுவுக்கு ஐவர். ஐவரில் இருவரேனும் பெண்களாகவும், ஒருவர் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவராகவும் இருத்தல் நலம். நிர்வாகிகள் குழுத்தலைவர்களாக வேண்டா. நம்மைப் போன்ற முதியோர் கையெழுத்திடவும் உடன் அலையவும் வந்தால் போதும். பேருந்துச் செலவுக்கும் நகலெடுக்கும் செலவுக்கும் செயற்குழுவைக் கேட்டு நிற்காதபடி, ஆண்டு விழாச் செலவில் பாதியைக் குழுக்களிடமே கொடுத்துவிடலாம். பொன்னாடைகள் குறையும், பொறுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று முடிந்ததையும் முடியாததையும் குழுவினர் படித்துக்காட்ட வேண்டும்.

குழுவில் சேர விரும்புவோர்க்கான குறிப்பேடு நூலக மேசைமேல் உள்ளது. பெயர், வேலை, முடிக்கும் நாள் என மூன்று கட்டங்கள் கோடிட்டிருக்கிறோம். முதல் வரியில் நம் பெயர் இருக்கிறது. வேலை, அந்த மாணவியின் சான்றிதழ். நாள், இம்மாதம் 20.